சோமனூர் நல்லம்மாளும் நுண்மதி வகுப்பும்

1957ஆம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு நல்லம்மாள் சிவசுப்பிரமணியத்தை முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்த சற்று நேரத்திற்கெல்லாம் அவருடைய உயிரைக் காப்பாற்றவும் வேண்டியதாயிற்று.

அப்போது அவளுக்குத் திருமணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. கணவன் சென்னிமலை தறி ஓட்டிய அதே சோமனூர்த் தறிக்குடோனில் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூல் ஏற்றுகிற வேலை. குடோனுக்கு ஒரே மோட்டார். கூரைக்கு அடியில் நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழல, அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் தோல் பெல்ட்டு இறங்கும். அந்த இரைச்சலுக்குள் யாரும் குரல் எழுப்பிப் பேசுவதில்லை. தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே வாயசைத்து, கைச்சாடையும் காட்டினால் போதும். சண்டையும் கேலியும் கொஞ்சலும் அவர்களுக்கு அப்படியே நடந்தன.

பள்ளியில் சேர்க்கப் பிள்ளைகளைத் தேடி வந்த இளம் ஆசிரியர் சிவசுப்பிரமணியத்துக்கு இந்த வழக்கம் தெரியாது. நல்லம்மாளுக்குப் பக்கத்தில் தார் சுற்றிய மயிலாளிடம் மகளை அனுப்பச் சொல்லிக் கேட்க வந்தவர், அவளுடைய காதருகே குனிந்து கத்தினார். அவர் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டின் முனையைப் பெல்ட்டு கவ்விக்கொண்டது. நல்லம்மாள் மூலையில் கிடந்த கட்டையை எடுத்துப் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டாள். துள்ளி விழுந்த பெல்ட்டு அவளுடைய இடது முன்கையை முழங்கை வரைக்கும் கிழித்தது.

அவர் தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே ஏதோ சொன்னார். மற்றத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய உதட்டைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்: "இந்தக் கழுத்து இனி உங்களுதுங்க, அம்மிணி. என்னைக்கானாலும், எதுவானாலும் கேளுங்க."

மயிலாள் கண்ணைச் சிமிட்டி வாயசைத்தாள்: "அடியே, கழுத்தை வச்சுட்டு நீ என்ன பண்ணுவே? சங்கிலி போட்டுத் தரச் சொல்லு."

இரண்டாண்டு கழித்துக் கமலம் பிறந்தாள். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வர வீட்டில் வேறு ஆள் இல்லை. குடோனின் விட்டத்திலேயே சேலையைத் தொட்டிலாகக் கட்டினாள். இரைச்சலில் மற்றக் குழந்தைகள் வீறிட்டு அழும். கமலம் மட்டும் அயர்ந்து தூங்குவாள். "நல்ல புள்ளை பெத்தே, தாலாட்டே வேண்டாம்" என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சல் நல்லம்மாளுக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளியிலும் கமலம் பெருமை சேர்த்தாள். உருவத்தில் சிறியவள் ஆகையால் முதல் வரிசையில் உட்காருவாள். ஆசிரியரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். பேச்சு சற்றுக் குழறும். ஆனால் குடோன் பிள்ளைகள் எல்லோருமே ஒருமாதிரி உரக்கப் பேசுகிறவர்கள். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. கணக்கில் அவளை மிஞ்ச ஐந்தாம் வகுப்பில் ஆள் இல்லை.

1969இல் பள்ளித் தலைமையாசிரியர் சென்னிமலையை அழைத்து ஒரு செய்தி சொன்னார். கோவைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் உறைவிடப் பள்ளியில் 'நுண்மதி வகுப்பு' என்று தொடங்கியிருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் மிகுந்த அறிவுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, சோறும் படிப்பும் இலவசமாகத் தந்து, கல்லூரி வாசல் வரைக்கும் கொண்டுபோவார்கள். முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் நேர்முகத் தேர்வு.

எழுத்துத் தேர்வில் வட்டாரத்திலேயே கமலம் முதலாவதாக வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. நேர்முகத் தேர்வில் மந்திரிமார் பெயரெல்லாம் கேட்பார்கள் என்று ஒருவர் சொன்னார். முள்கரண்டியால் சாப்பிடச் சொல்வார்கள் என்றார் இன்னொருவர். சென்னிமலை தறியை நிறுத்திவிட்டு, யார் யாரிடமோ மந்திரிகளின் பெயர்களைக் கேட்டு வந்து மகளை மனப்பாடம் செய்யவைத்தான்.

"உன்ற புள்ளை கலெக்டரானா, கரண்டு நிக்காமப் பாத்துக்கச் சொல்லு நல்லா," என்றாள் மயிலாள்.

"ஆகட்டும், மொதல்ல அவொ உள்ள போகட்டும்," என்றாள் நல்லம்மாள். சிரிப்பு வரவில்லை. இந்தக் கதவு திறக்காவிட்டால் அடுத்த ஆண்டே கமலம் தன் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

நேர்முகத் தேர்வு நாளன்று கணவனும் மனைவியும் அந்த உறைவிடப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். கமலம் வெறும் சிலேட்டுடன் வந்தாள்.

"என்ன கண்ணு, எழுதலையா?"

"ஒரு ஐயா எங்களுக்குப் பின்னால நடந்துக்கிட்டே இருந்தாரும்மா. அவரு வாயே தொறக்கலை. மத்தவங்கல்லாம் என்னத்தையோ எழுதுனாங்க."

"வாயே தொறக்காமத்தான் அத்தனை பேரும் எழுதுனாங்களா?" சென்னிமலை கை ஓங்கினான். "பயந்துபோய்ப் பொய் சொல்றா பாரு! இதுக்காடி தறியை நிறுத்திப்போட்டு வந்தன்?"

நல்லம்மாள் குறுக்கே புகுந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தேர்வானவர்களின் பெயர்களில் கமலத்தின் பெயர் இல்லை.

தேர்வுக் குழுவின் தலைவர் யாரென்று தலைமையாசிரியர் சொன்ன போதுதான் நல்லம்மாளுக்கு மூச்சு வந்தது. பெருமாநல்லூரில் குடியிருக்கும் சிவசுப்பிரமணியம். பன்னிரண்டு ஆண்டுகளில் அவரைத் தேடி அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. முன்கைத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மறுநாளே மூவரும் பஸ் ஏறினார்கள்.

"வாயத் தொறந்து கேட்டுப் போடோணும்," என்று வழியெல்லாம் சென்னிமலை சொல்லிக்கொண்டே வந்தான். "அங்க போயிச் சும்மா நின்னுக்கிட்டு இருந்தியானா, நானே கேட்டுப்போடுவன்."

"கழுத்து எனக்குத்தானுங்க கடன்பட்டது. நானே கேக்கறன்."

சிவசுப்பிரமணியம் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போடச் சொன்னார். மனைவியைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். கமலம் சன்னலருகே போய்ப் பின்கட்டுக் கொய்யாமரத்தில் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த காரியத்தை நல்லம்மாள் தொடங்குவதற்கு முன்பே, குழந்தையைப் பார்த்த அவர் முகம் சுருங்கிற்று.

"அது உங்க பொண்ணுங்களா? தெரியாமப் போச்சுங்களே. அன்னைக்கு மனக்கணக்குச் சொன்னது நாந்தானுங்க. முகத்தைப் பாத்து விடையைப் புடிச்சுருவாங்கன்னு, பின்னால நடந்துக்கிட்டே சொல்றது எங்க முறைங்க. மத்தவங்க எழுதுறாங்க, இந்தப் புள்ளை சும்மா உக்காந்திருக்குது. பேர் சொல்லிக் கூப்பிட்டன், திரும்பலை. மறுபடியும் கூப்பிட்டன், திரும்பவே இல்லீங்க. கெட்டிக்காரப் புள்ளை, தலைக்கனம்னு நெனச்சுப்போட்டன்."

நல்லம்மாள் மோர்ச் செம்பைக் கையில் பிடித்தபடியே மகளின் முதுகையே பார்த்தாள்.

"ஏனுங்க, இப்ப ஒருக்காக் கூப்புடுங்க."

"கமலம்!" என்றார் அவர். அணில் கிளை மாறிற்று. குழந்தையின் தலை அதன்பின்னே நகர்ந்தது. "கமலம்!" என்று சென்னிமலை அலறினான். நல்லம்மாள் செம்பைக் கையை விட்டு நழுவவிட்டாள். சிமெண்டுத் தரையில் அது விழுந்து உருண்ட சத்தத்துக்கு அடுக்களையிலிருந்து ஆசிரியரின் மனைவி ஓடிவந்தார். சன்னலருகே நின்றவள் திரும்பவில்லை.

நல்லம்மாள் போய் மகளின் தோளைத் தொட்டாள். கமலம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். குடோனில் செய்வதுபோலக் குரலே இல்லாமல், தாய் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நூத்தி நாப்பத்தி நாலு," என்று கமலம் உரக்கச் சொன்னாள். "பன்னண்டு பன்னண்டு எத்தனைன்னு எதுக்கும்மா இங்க வந்து கேக்கறே?"

சிவசுப்பிரமணியம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பத்து வருசமாத் தெரியலீங்களா, அம்மிணி?"

"எங்க குடோன்ல ஆருங்க காதை வச்சுப் பேசறாங்க?" என்றாள் நல்லம்மாள். மோர் கொட்டிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சிவசுப்பிரமணியம் தாழ்ந்த குரலில் சொன்னார். வகுப்பில் சேரும்போது டாக்டர் கண்ணையும் காதையும் சோதிப்பார். குறையிருந்தால் சேர்க்கக் கூடாதென்பது விதி. ஆனால் டாக்டர் தனக்கு வேண்டியவர். இன்னும் ஓர் இடம் கூட்டிக்கொள்ளவும் தன்னால் முடியும். "நீங்க கேட்டாப் போதுமுங்க. செய்யறன். அன்னைக்குச் சொன்ன வார்த்தை அப்படியே இருக்குது."

"கேளு புள்ளை!" என்றான் சென்னிமலை. "இதுக்குத்தானே வந்தம்? கேளு!"

நல்லம்மாள் தலைநிமிர்ந்தாள். "அங்க பாடஞ் சொல்றவங்க, பலகையில எழுதிக்கிட்டே, பொடனியக் காட்டிக்கிட்டுத்தானுங்களே பேசுவாங்க?"

அவர் சன்னலருகே நின்ற குழந்தையைப் பார்த்தார்.

"மணியடிச்சாத்தானுங்களே எந்திரிப்பாங்க, சோத்துக்குப் போவாங்க?"

"ஆமாங்க."

"எத்தனை நாளுங்க தாங்குவா?"

"ரெண்டு மாசம் தாங்கலாம். பொறவு கண்டுபுடிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்க. பொய் சொல்லமாட்டனுங்க."

அவளுடைய கையில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. தங்கள் குடும்பத்துக்காக வெளியுலகத்தில் யாரும் கொடுத்திருந்த வார்த்தை அது ஒன்றுதான். அதை இரண்டு மாதத்துக்காகச் செலவழித்துவிட்டால், நாளைக்கு இந்தப் பெண் வளர்ந்து, பெற்றவர்கள் போய், அவளுக்கு நேரே முகத்தைத் திருப்பிப் பேச ஆளில்லாத ஒரு நாள் வரும்போது எதைக் கொண்டுபோய்க் கேட்பது? காலையில் பஸ்ஸில் வரும்போது இடம் கிடைக்காததைவிடப் பெரிய துன்பம் ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு வேண்டாமுங்க," என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் சென்னிமலை வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தான். பல நாள் அவளோடு பேசவில்லை. "தேடி வந்த சீதேவியைக் காலால எத்திப்போட்டா" என்று குடோன் முழுக்கச் சொல்லிவைத்தான். நல்லம்மாள் தார் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கோவையில் காது டாக்டர் பார்த்தார். மூன்று வயதில் கண்ட காய்ச்சலாகவும் இருக்கலாம், தறி இரைச்சலாகவும் இருக்கலாம், எதுவென்று சொல்ல முடியாது, இனிமேல் திரும்பாது என்றார். தறி இரைச்சல்தான் என்பதில் நல்லம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. குடோனுக்குத் திரும்பியதும் விட்டத்தில் மிஞ்சிக் கிடந்த தொட்டில் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். அதன்பிறகு கைக்குழந்தையோடு எந்தப் பெண் உள்ளே வந்தாலும் வாசலிலேயே வழிமறித்துச் சண்டை பிடித்தாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கமலத்தின் புது ஆசிரியரைத் தேடிப் போவாள். "பலகையைப் பாத்துப் பேசாதீங்க, சாமி. இவளைப் பாத்துப் பேசுங்க." எல்லோரும் தலையசைத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் பெரும்பாலோர் மறந்தார்கள். ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் வகுப்புகள் வந்ததும் கமலம் பின்தங்கினாள்; முதல் வரிசைப் பெண் நடு வரிசைக்குப் போனாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மெஷின் இரைச்சலில் அங்கே அவளும் மற்றவர்களும் ஒன்றுதான்.

சிவசுப்பிரமணியம் இடையிடையே சோமனூர் வந்துபோனார். வரும்போதெல்லாம் கேட்பார்: "ஒண்ணும் வேண்டாங்களா, அம்மிணி?"

"இருக்கட்டுங்க. மோர் குடிச்சுப்போட்டுப் போங்க."

கமலத்துக்கு வந்த வரன்கள் இரண்டு, காதைச் சொல்லித் தட்டிப்போயின. அப்போதும் சென்னிமலை கேட்டான்: "இன்னுமா அவருகிட்டக் கேக்கற நாள் வரலை?" அவளுக்கு ஒவ்வொரு நாளும் அந்த நாளாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் இதைவிட மோசமாக விடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுடைய வாயை அடைத்தது.

1978 தை மாதத்தில் மாரடைப்பில் சிவசுப்பிரமணியம் காலமானார். கருமாதிக்கு நல்லம்மாளும் கமலமும் பெருமாநல்லூர் போனார்கள். சடங்குகள் முடிந்ததும், அந்தக் குடும்பத்து வழக்கப்படி, மூத்த மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நின்று, இறந்தவர் யாருக்கேனும் ஏதேனும் தரவேண்டியிருந்தால் இப்போதே சொல்லிவிடும்படி கைகூப்பிக் கேட்டான். பெண்கள் பக்கத்து அழுகையில் அது நல்லம்மாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தொலைவிலிருந்தே அவனுடைய உதட்டைப் படித்துவிட்ட கமலம்தான் தாயின் தோளைத் தொட்டுத் திருப்பி, அவன் கேட்டதை வாயசைத்துச் சொன்னாள். அவள் கண் தாயின் இடது முன்கையில் நின்றது.

நல்லம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தழும்பை மூடினாள். மகளின் முகத்துக்கு நேரே வாயசைத்தாள்: "வா கண்ணு. பஸ் போயிரும்."