நான்காம் பெயருக்கும் ஐந்தாம் பெயருக்கும் நடுவே

பேய், ஆவி, சகுனம் என்று எவரேனும் பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். இத்தகைய அனுபவங்களை அச்சிடுவது படித்தவர்களுக்கு இழுக்கு என்று இதே பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவனும் நானே. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை; உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் மாடியில் எங்கள் வாசகர் சங்கம் இயங்குகிறது. அதன் செயலாளர் நான். எனக்கு முன்பு அந்தப் பொறுப்பைப் பார்த்தவர் சிவநேசன். சென்ற ஆண்டு காலமானார். ஒன்பது ஆண்டுகள் பார்த்தார், உண்மை. ஆனால் கடைசிவரை 'ஆக்டிங்' செயலாளராகவே பார்த்தார். எந்தப் பொதுக்கூட்டமும் அவரை முறைப்படி உறுதிப்படுத்தவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எவருக்கும் தெரியும், உறுதிப்படுத்தப்படாத பதவி பதிவேட்டில் ஏறாது. எனவே சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் திரையில் காட்டுவதற்காகச் செயலாளர்களின் பட்டியலைத் தயாரித்தபோது, நான்காவது பெயருக்கு அடுத்து ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். இதில் பொறாமை ஏதும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொல்லை சங்கத்துக் கணினியில் தொடங்கியது. திரையில் நகரும் அம்புக்குறி இருக்கிறதல்லவா, கர்சர், அது அந்தக் கணினியில் அம்பாக இராது. ஒரு கையாக இருக்கும். பார்வை மங்கிய பிறகு அம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்று சிவநேசன் தாமே பெரிதாக வரைந்து வைத்துக்கொண்டது. சுட்டுவிரல் கணுவில் வளைந்திருக்கும், ஏனென்றால் இளமையில் ஹாக்கி ஆடி அவருடைய விரலே அப்படித்தான் வளைந்திருந்தது. எழுத்தின் அளவைத் திருத்த அந்தக் கையை என் பெயர்மீது கொண்டுபோய் வைப்பேன். மௌஸை விட்ட மறுகணம் அது மெல்ல மேலே ஏறி, நான்காவது பெயருக்கும் ஐந்தாவது பெயருக்கும் நடுவே போய் நிற்கும். நம்பினால் நம்புங்கள், மேசை சாய்ந்திருக்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மேசை மட்டமாகத்தான் இருந்தது. புது மௌஸ் மாட்டினேன். செட்டிங்கில் போய் சாதாரண அம்புக்குறியாக மாற்றினேன். பட்டியலைத் திறந்தால் மீண்டும் கை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஒரு பக்கத்துப் பட்டியலுக்கு ஒரு வாரம்!

கீழே கணினி பழுதுபார்க்கும் சேகரை மேலே அழைத்தேன். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர்.

“அங்கிள், இது கர்சர் ஃபைல் லா. போட்டோ பாக்குற சாஃப்ட்வேர்ல தொறக்காது, இதுக்குன்னு தனி எடிட்டர் இருக்கு. உள்ள படம் இருக்கும், அந்தப் படத்துல எந்தப் புள்ளி கிளிக் ஆகணும்னு ஒரு குறியும் இருக்கும். அந்தக் குறிய எங்கயாச்சும் தப்பா வச்சிருப்பாரு.”

“அப்படியானால் சரிசெய்யுங்கள்.”

அவர் அந்த எடிட்டரை ஏற்றிக் கோப்பைத் திறந்தார். வரைபடத் தாள்போலச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. அத்தனையும் வெறுமை. ஓர் ஓரத்தில் சிவப்பாக ஒரு சிறு குறி, அவர் சொன்ன கிளிக் புள்ளி, அது மட்டும் இருந்தது.

“படமே இல்லையே அங்கிள். காலி ஃபைல்.”

“பிறகு இது என்ன?” என்றேன். வளைந்த விரலோடு அந்தக் கை தன்னுடைய காலிக் கோப்பின் மீதே நின்றுகொண்டிருந்தது.

சேகர் மௌஸிலிருந்து விரலை எடுத்தார். “அந்த ஐயாகிட்ட நீங்க ஏதும் வம்பு பண்ணீங்களா?”

அதிகப்பிரசங்கித்தனம். கோப்பை அழிக்கச் சொன்னேன். அழித்தார். வாங்கி வைத்த தேநீரைத் தொடாமலே படி இறங்கிப் போனார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தக் கணினியை நம்பாமல், கிள்ளானில் என் வீட்டிலிருந்த மடிக்கணினியைக் கொண்டுபோனேன். பட்டியலையும் அதில் முதலிலிருந்து புதிதாகத் தட்டச்சு செய்திருந்தேன். மண்டபத்தில் ஏறக்குறைய அறுபது பேர், முன்வரிசையில் சிவநேசனின் மனைவி. நான் மைக்கில் பெயர்களை வாசிக்கத் தொடங்கி நான்காவதை முடித்தபோது சபையில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க விரிந்திருந்த பட்டியலில், ஆளின் தலையளவுக்கு, அந்தக் கை. என் இரு கைகளிலும் தாள்கள் இருந்தன என்பதை அறுபது பேரும் பார்த்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை புஷ்பம் பின்வரிசையிலிருந்து, “சார், வெரலு எதையோ காட்டுதே, அங்க ஒண்ணும் இல்லையே?” என்றார். சிலர் சிரித்தார்கள். “சிவநேசன் வெரலு மாதிரி இருக்கு லா,” என்றது ஓர் ஆண்குரல். அதற்குப்பின் எவரும் சிரிக்கவில்லை.

விதியை விளக்க வாய் திறந்தேன். சிவநேசனின் மனைவி திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, அந்த இடைவெளியில் சிவநேசனின் பெயரைத் தட்டச்சு செய்தேன். 'ஆக்டிங்' என்று சேர்க்கவில்லை. “இந்தப் பெயரை விட்டது நான்தான்,” என்று மைக்கில் சொல்லியும் விட்டேன். தட்டச்சுப் பிழை என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்மீது எனக்கு எரிச்சல். என் பெயர் ஆறாவதாக இறங்கியது. கை அம்புக்குறியாயிற்று.

தேநீர் வேளையில் அந்த அம்மா என்னிடம் வந்தார். “அவர் இந்த ஆக்டிங் எண்டதைப் பெரிசா எடுக்கேல்லை அண்ணை. நான்தான் எடுத்தனான்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதி என் பெயரை நானே கெடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். மூன்று வாரங்களுக்கு முன் விழா மலருக்காகப் பட்டியலைத் திறந்தேன். கை வந்து, இரண்டாவது பெயருக்கும் மூன்றாவது பெயருக்கும் நடுவே நின்றது. அக்காலத்துக் குறிப்பேடுகள் அனைத்தையும் மூன்று முறை புரட்டிவிட்டேன். விடுபட்டவர் என்று ஒருவரும் இல்லை. சேகரை அழைத்தால் வேலை இருக்கிறது என்கிறார். அச்சகத்திலிருந்து நாள்தோறும் கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது?

இந்தக் கையின் விரல் நேராக இருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு வளையல்கள்.