பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்ட ஒரு காது

அந்த மடிக்கணினியைத் தூக்கி வாவிக்குள் எறிந்திருப்பேன். நிலையத்துச் சொத்து என்பதால் தப்பியது.

யுத்தம் முடிந்து அடுத்த வருசம். வாவிக்கு நடுவே உள்ள புளியந்தீவில், காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் சிறிய நிலையம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். காதுக்கருவியைச் சும்மா மாட்டிவிட முடியாது. யாருடைய காதுக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கூட வேண்டும் என்று கணினியில் பார்த்து அமைக்க வேண்டும். கணினிக்கும் கருவிக்கும் நடுவே ஒரு சிறிய பெட்டி. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டவர்கள் தந்துவிட்டுப் போனது. பழைய கணினியோடு ஒரு நாளும் சண்டித்தனம் பண்ணியதில்லை. இடி விழுந்து அந்தக் கணினி செத்துப்போக, கொழும்பிலிருந்து புதுசு வந்தது. பெட்டியைப் புதுசுக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளை, அதைத்தான் டிரைவர் என்பார்கள், ஏற்றப் போனால் திரையில் சிவப்பாக எச்சரிக்கை. தயாரித்தவர் யாரென்று காட்டும் மின்கையொப்பம் இதில் இல்லையாம். உங்கள் பாதுகாப்புக்காகத் தடுத்திருக்கிறோமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன பாதுகாப்பு? கடலில் வீட்டைப் பறிகொடுத்த சனத்தைச் சொந்த வளவில் ஒரு குடிசை போடவும் விடவில்லை, பாதுகாப்புக்காக. பிள்ளைத்தாய்ச்சியையும் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதனைச்சாவடி தாண்டும்வரை வெயிலில் நடக்க விட்டார்கள், அதுவும் பாதுகாப்புக்காக. இப்போது நேற்று வந்த மெஷின் எனக்குப் பாடம் எடுக்கிறது! விற்ற கம்பனிக்குப் போன் எடுத்தேன். “அந்தப் பழைய பெட்டிக்கு ஒண்டும் செய்ய ஏலாது மிஸ், புதுசு வாங்குங்க” என்றார் ஒருவர், நோகாமல். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கையொப்பம் வைக்காமல் விட்டவர்கள் அவர்கள். தண்டனை கருவி பொருத்த வந்து என் முன்னால் இருந்த அம்மாவுக்கு.

கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து புருசனோடு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வயலில் நிற்கும்போது பக்கத்தில் ஷெல் விழுந்து ஒரு காது முழுதாகப் போய்விட்டது. மற்றதில் கொஞ்சம் மிச்சம், பேச்சுக் கேட்கிற அளவுக்கு இல்லை. அதற்குத்தான் கருவி. நான் போனில் கத்துவதையும் திரையை முறைப்பதையும் அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது விடாதெண்டா விடுங்க புள்ள” என்றார் புருசன்.

“ஏன் ஐயா விடணும்?”

மனைவி பக்கத்தில் இருக்க, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். “மகன் வன்னியில முடிஞ்சிட்டான். முகாமால வந்த பொடியன் ஒருத்தன் எனக்கிட்ட மட்டும் வந்து சொன்னவன். இவக்குத் தெரியா. சைகையாலகூடச் சொல்லப்படா எண்டு ஊரில எல்லாரிட்டயும் சொல்லி வச்சிரிக்கன். காது கேட்டா ஆராவது வாய் தவறிச் சொல்லிருவாங்க. மறுகா இவ தாங்கமாட்டா. அவட நன்மைக்குத்தான்.”

பாவம் மனிசன் என்று நினைக்கத்தான் வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. திரையில் இருந்த வசனத்தை இவரும் சொல்கிறார்!

“அவவுக்குக் கேக்கணுமா இல்லையா எண்டு அவவிட்டக் கேட்டீங்களா?” என்றேன்.

இணையத்தில் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தேன். கணினியை அணைத்துத் திரும்பப் போடும்போது ஒரு விசையை விடாமல் தட்டினால் கறுப்புத் திரை வரும். கையொப்பச் சோதனையை நிறுத்தும் வரி அதற்குள் ஒளிந்திருக்கும். அந்த ஒரு தடவைக்கு மட்டும் விடும். அணைத்தால் மறுபடி அதே சண்டை. ஆனால் விட்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

கருவியைப் பொருத்தி, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். அந்த அம்மா சட்டென்று மேலே பார்த்தார்.

“ஃபேனா இப்பிடிக் கத்துது?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஓம் அம்மா, ஃபேன்தான்” என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டது.

பிறகு அவர் கதிரையைப் புருசன் பக்கம் திருப்பினார். “போன வருசம் உங்கட தங்கச்சி வீட்ட போறனெண்டு போய் மீசைய வழிச்சிட்டு வந்தீங்க. கேட்டதுக்குச் சொறியெண்டு சைகை காட்டினீங்க. கல்யாணத்துக்கே வழிக்காத மீசை. செத்தவங்களுக்குக் கருமம் செய்தவங்கதானே அப்பிடி வழிக்கிற.”

அந்த மனிசன் ஊர் வாயை எல்லாம் கட்டிப்போட்டவர், பெற்ற பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியாமல் போனவர். பழக்கத்தில் கையைத் தூக்கி ஏதோ காட்டப் போனார். அந்த அம்மா அவருடைய கையை எட்டிப் பிடித்து மடியில் அமத்தினார்.

“கையால வேணா. இப்ப கேக்குது. வாயால சொல்லுங்க.”