இருவர் திறந்த கோப்பு

அம்மா இறந்து ஒரு வருடம் கழிந்த பிறகு நான் நாவல் எழுத உட்கார்ந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்திருந்தேன். நான் கலியாணம் கட்டவில்லை. அப்பா எப்போதோ இறந்துவிட்டார். ஒரே தங்கை, எட்டு வயது இளையவள், டொரொன்டோவுக்குப் பக்கத்தில் கணவனோடும் மகனோடும் இருக்கிறாள். காலையில் பஸ் பிடித்துக் கொச்சிக்கடைக்குப் போவேன். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்கு ஆவணம் தயாரிக்கும் கம்பனியில் இருபத்தேழு வருடமாக வேலை. பின்னேரம் ஐந்தரைக்கு வீடு திரும்பினால், மறுநாள் காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் இடம் சொல்லும்வரை நான் வாய் திறக்கத் தேவையிருக்காது.

எழுதுவதற்கு ஒரு லப்டொப் போதும் என்று நினைத்தேன். ஒஃபிஸில் தமிழ் அடிப்பது பாமினி எழுத்துருவில். கை பழகியது அதுதான். அதில் முதல் அத்தியாயத்தைப் பன்னிரண்டு பக்கம் அடித்துத் தங்கைக்கு ஈமெயிலில் அனுப்பினேன். அவளுடைய கொம்பியூட்டரில் அந்த எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் திறந்திருக்கிறது. "அக்கா, என்ன இது, ஏதும் வைரஸா?" என்று கேட்டாள். பன்னிரண்டு பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பிறகு புதிய விசைப்பலகையில் 'அ' எங்கே என்று தேடுவதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாவல் எழுதுகிறவர்களுக்கென்றே மென்பொருள்கள் இருப்பதை இணையத்தில் பார்த்துவிட்டேன். ஒன்றை முப்பது நாள் இலவசமாகத் தந்தார்கள். திரையில் ஒரு பலகை, அதில் குத்தி வைக்கச் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நிரப்ப ஒரு படிவம். சுங்கத்துக்குப் படிவம் நிரப்பிப் பழகிய எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கண்ணின் நிறம் என்ற இடத்தில் பதினொரு பேருக்கும் கறுப்பு என்று எழுதினேன். ஆசை, அச்சம், நெருங்கிய நண்பர், எல்லாம் நிரப்பினேன். தகப்பன் பாத்திரத்தின் படிவத்தில் 'இரகசியம்' என்ற பெட்டி வந்தபோதுதான் கை நின்றது. தெமட்டகொடை என்று ஓர் இடத்தின் பெயரை அடித்து, உடனே அழித்தேன். முப்பது நாள் முடிந்தபோது என்னிடம் பதினொரு படிவங்கள் இருந்தன. கதையில் புதிதாக ஒரு வரிகூட இருக்கவில்லை.

அடுத்தது, கவனம் சிதறாமல் எழுதுவதற்கென்று திரை முழுவதையும் வெறுமையாக்கிவிடும் ஒன்று. மூன்று நாள்தான் அதில் இருந்தேன். கவனத்தைச் சிதறடிக்க என் வீட்டில் என்ன இருக்கிறது? பிறகு, சொல்லச் சொல்ல எழுதும் வசதியைப் பார்த்தேன். அது எங்கள் தமிழைக் கேட்டு வளரவில்லை. 'வந்தனான்' என்றால் 'வந்தனம்' என்று எழுதியது. 'கதைச்சவ' என்பதை ஒருநாளும் ஒழுங்காக எழுதவில்லை. கொஞ்சம் சத்தமாக, இந்தியாவில் செய்தி வாசிக்கிறவர்களைப்போல் சொல்லிப் பார்த்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொண்டை கரகரத்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் என் குரலை நான் கேட்கிறேன் என்று அப்போது புரிந்தது. மைக்கை அணைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தேன்.

ஒஃபிஸில் எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் நாவல் எழுதுவது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். லப்டொப் இறுகிப்போய் இரண்டு பக்கம் தொலைந்த கதையை அவரிடம் சொன்னேன்.

"மிஸ், எதுக்கு இவ்வளவு பாடு? நெட்டில எழுதுங்க," என்றார். "கரண்ட் போனாலும் அது அங்க ஈக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரம் ஒரே இன்வொய்ஸைத் திறந்து பார்க்கிறமே, அதே மாதிரித்தான். வேணுமெண்டா உங்கட சிஸ்டருக்கும் காட்டலாம்."

அன்று பின்னேரமே அதைச் செய்தேன். தங்கையின் முகவரியைக் கொடுத்ததும் மூன்று தெரிவுகள் கேட்டது: அவள் பார்க்க மட்டும் செய்யலாமா, கருத்துச் சொல்லலாமா, திருத்தலாமா? எழுத்துப் பிழை இருந்தால் திருத்தட்டுமே என்று மூன்றாவதைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் ஆறு மணிக்கு, நான் ஒரு வரியின் நடுவில் இருந்தபோது, மேலே இரண்டு பந்தி தள்ளி ஊதாப்பூ நிறத்தில் ஒரு கோடு தோன்றியது. அதன் தலையில் தங்கையின் பெயர். அங்கே காலை எட்டரை. ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டே ஃபோனில் திறந்திருக்கிறாள். கோடு மெதுவாக ஒவ்வொரு பந்தியாக இறங்கி வந்தது. நான் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதும் வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "எழுதுங்க அக்கா, நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்," என்று ஓரத்தில் கருத்து வந்தது.

அதன் பிறகு கிழமைநாட்களில் வீட்டுக்கு வந்து முகம் கழுவித் தேநீரோடு ஆறு மணிக்கு முன் உட்கார்ந்துவிடுவேன். அவள் தினமும் வரமாட்டாள். வரும் நாட்களில் இருபது நிமிடம், அரை மணித்தியாலம். அந்த நேரத்தில் நான் எழுதியவைதான் நல்ல பக்கங்கள். "இந்த மனிசி எங்கட லேன்ல இருந்த ரீச்சர்தானே?" என்று கேட்பாள். "இல்லை, இது வேற ஆள்," என்று பொய் எழுதுவேன். அவள் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போடுவாள்.

கருவி என்று பார்த்தால் அது நாவலுக்கு ஏற்றதல்ல. நாலாம் அத்தியாயத்துக்குப் பிறகு கோப்பு பாரமாகி, நான் அடித்த எழுத்து திரைக்கு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அத்தியாயங்களைத் தூக்கி மாற்றி வைக்க முடியாது. தனித்தனிக் கோப்பாகப் பிரிக்கும்படி ஒஃபிஸ் நண்பர் சொன்னார். பிரித்தால் அவள் எந்தக் கோப்பில் இருக்கிறாள் என்று நான் தேட வேண்டிவரும். பிரிக்கவில்லை.

ஆறாம் அத்தியாயத்தில், அன்று 'இரகசியம்' என்ற பெட்டியில் அடித்து அழித்ததை எழுதினேன்.

என் பதினான்காவது வயதில் அப்பா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் தெமட்டகொடையில் இன்னொரு பெண்ணோடு இருந்தார். அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர். தங்கைக்கு அப்போது ஆறு வயது. அப்பாவைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா அப்பாவின் சேர்ட்டுகளைத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, பத்திரிகைத்தாளில் சுற்றி என்னிடம் தருவார். நான் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்குச் சேர்ட்டுகளை வாங்கி வருவேன். ரயில் யார்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அந்தப் பெண் எனக்கு எப்போதும் வெறுந்தேநீரும் பிஸ்கட்டும் தருவார். அப்பா முற்றத்தில் நின்று பத்திரிகை பார்ப்பதுபோல் இருப்பார். இரண்டு வருடம் முடிந்ததும் ஒருநாள் அவரே வந்தார். அம்மா சோறு போட்டார். அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதேயில்லை.

விட்டுப்போன மனிதனின் சேர்ட்டை அம்மா ஏன் தோய்த்தார்? நான் நாவல் எழுத உட்கார்ந்ததே அதைக் கண்டுபிடிக்கத்தான். கதையில் தகப்பனை ரயில்வேக்காரராக்கினேன், மூத்த பெண்ணை மகனாக்கினேன், தெமட்டகொடையைக் கொள்ளுப்பிட்டியாக்கினேன். திருகோணமலையை மட்டும் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்த விஷயம், வளர்ந்த பிறகு தங்கைக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அவளுடைய கோடு வந்தது. அந்தப் பந்திவரை இறங்கியது. அங்கேயே நின்றது. கருத்து ஒன்றும் வரவில்லை. பிறகு கோடு மறைந்துவிட்டது. ரயில் இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் கோப்பைத் திறந்தபோது சேர்ட்டுகளைப் பற்றிய பந்தியைக் காணவில்லை.

மென்பொருள்தான் தின்றுவிட்டது என்று முதலில் நினைத்தேன். பழைய பிரதிகளைப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைத் திறந்தேன். பந்தி முழுவதும் ஊதாப்பூ நிறத்தில் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் தங்கையின் பெயரும் நேரமும். நான் ஒஃபிஸில் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அவளுக்கு விடிய இன்னும் நெடுநேரம் இருந்திருக்கும்.

ஒரு பொத்தானை அழுத்தினால் பந்தி திரும்பி வந்துவிடும். அழுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்திருந்து அவளுக்குக் கோல் எடுத்தேன்.

"நான்தான் அழிச்சனான்," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"தெரியும். அதில காட்டுது."

"அது உண்மையா அக்கா?"

"கதைதானே."

"கதை எண்டு சொல்லாதீங்க. திருகோணமலை எண்டு அம்மா எனக்குச் சொன்னது. அது உங்கட கதைக்குள்ள எப்பிடி வந்தது?"

"ஓம், உண்மைதான்," என்றேன்.

அங்கே தண்ணீர்க் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் அதை அணைக்கவில்லை.

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"லேன்ல எல்லாருக்கும். உனக்கும் பிறகு தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சனான்."

"ஆர் சொல்லுவினம் எனக்கு? நீங்கதானே சொல்லியிருக்கோணும். அம்மாட செத்தவீட்டுக்கு வந்து மூண்டு கிழமை உங்களோட ஒரே கட்டில்ல படுத்தனான். ஒரு சொல் சொல்லேல்ல. ட்ரெயின்ல, ஆக்களுக்கு நடுவில நிண்டுகொண்டு, ஃபோன்ல வாசிக்க வச்சிட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவள் அழவில்லை. "நான் அப்பாவுக்குக் கடிதம் எழுதினனான்," என்றாள். "கப்பல் கீறி, கலர் அடிச்சு. அம்மா திருகோணமலைக்குப் போஸ்ட் பண்றதா வாங்கினவ. அதெல்லாம் எங்க போனது?"

அதை நான் மறந்தேபோயிருந்தேன். அவள் கேட்டவுடன்தான் பத்திரிகைத்தாளின் மடிப்புக்குள் இருந்த அந்தக் கொப்பித் தாள்கள் நினைவுக்கு வந்தன.

"சேர்ட்டோட வச்சுத் தருவா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தனான்."

"அப்பா பார்த்தவரா?"

"பார்த்தவர். நான் நிக்கும்போது பார்க்கமாட்டார். நான் படலைக்கு வெளியில வந்து திரும்பிப் பார்த்தா, விரிச்சு வச்சுக்கொண்டு நிப்பார்."

கடைசியில் அவள், "என்னை அந்த ஃபைல்ல இருந்து எடுத்துவிடுங்க அக்கா," என்றாள். "கோபத்தில சொல்லேல்ல. நீங்க ஒவ்வொரு சொல்லா எழுதுறதைப் பார்த்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது. முடிச்சுப்போட்டு, ஒரு புத்தகமாத் தாங்க. அப்ப பார்ப்பம்."

பெயரை எடுப்பது சுலபமாக இருந்தது. அழித்த பந்தியையும் திருப்பி எடுத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு முழு நாவலையும் இறக்கி, லப்டொப்பில் மட்டும் இருக்கும் ஒரு மென்பொருளுக்கு மாற்றினேன். எல்லாம் பார்த்து நிதானமாகத் தேடியெடுத்தது. இடது பக்கத்தில் அத்தியாயங்கள் வரிசையாக நிற்கும். எதையும் எங்கேயும் இழுத்து வைக்கலாம். தமிழ் எழுத்து உடையாது. எழுத எழுதச் சொற்களை எண்ணிச் சொல்லும். எட்டு மாதமாக நான் தேடிய கருவி அதுதான். அது கைக்கு வந்த முதல் இரண்டு மாதம் ஒன்றும் எழுதவில்லை.

ஆறு மணி வந்தால் தேநீரோடு உட்காருவேன். எழுதுவதில்லை. அத்தியாயங்களை மேலும் கீழும் இழுத்து மாற்றிவிட்டு மூடிவிடுவேன். தங்கையோடு ஞாயிறுகளில் கதைப்பது நிற்கவில்லை. பனி, மகனின் பள்ளிக்கூடம், என் முழங்கால் என்று கதைப்போம். நாவலைப்பற்றி அவளும் கேட்கமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் என் வீடு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. ஒஃபிஸ் நண்பர் ஒருநாள், "புத்தகம் எப்பிடிப் போகுது மிஸ்?" என்று கேட்டார். "நிண்டுபோச்சு," என்றேன். அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வட்டிலப்பத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

மறுபடி தொடங்கியதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஒரு சனிக்கிழமை மழை. வெளியே போக வழியில்லை. திறந்து ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பிழையைத் திருத்தப்போய் நாலு பக்கம் எழுதிவிட்டேன். அதன் பிறகு மெதுவாக, பார்க்க யாருமில்லாமல், பதினான்கு மாதத்தில் முடித்தேன். சேர்ட்டுகளுக்கான காரணத்தைக் கண்டுபிடித்தேனா என்றால், இல்லை. அம்மா தோய்த்தார், நான் கொண்டுபோனேன் என்பதற்குமேல் என்னால் போக முடியவில்லை. தங்கையின் கடிதங்களை நாவலில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அத்தியாயம் நன்றாக வந்திருக்கும். அவை அவளுடையவை.

காலி வீதியில் பிரதி எடுக்கும் கடையொன்றில் இருநூற்றுப் பதினொரு பக்கத்தையும் அச்சடித்துக் கட்டுவித்து, கனடாவுக்குத் தபாலில் போட்டேன். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. நாலு ஞாயிறு அதைப்பற்றிக் கதை இல்லை. ஐந்தாம் ஞாயிறு அவளாகவே சொன்னாள்.

"மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே. ஞாயிறு ஞாயிறு நான் அவனுக்கு வாசிச்சுச் சொல்றன். இண்டைக்கு மூண்டாம் அத்தியாயம் முடிஞ்சது."

அவன் என்ன சொன்னான் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்டது வேறொன்று. "ஆறாவது வரும்போது என்ன செய்யப் போறாய்?"

"வரட்டும், பார்ப்பம்," என்றாள். பிறகு முழங்காலுக்கு டொக்டரிடம் போனேனா என்று விசாரித்தாள்.