கிளாவரையில் கிடந்த கம்ப்ரசர்

கொடைக்கானலில் நான் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹோட்டல் ஃப்ரிட்ஜும் ஐஸ்கிரீம் கடைப் பெட்டியும்தான் எனக்குச் சோறு போட்டன. ஏ.சி. வேலை எப்போதாவது வரும். அப்படி வந்த ஒன்றை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

வேலையைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். சார் என்றுதான் கூப்பிடுவேன். அறுபதுகளில் செய்த ஓர் அமெரிக்கக் கார் அவரிடம் இருந்தது. இங்கே பாடம் நடத்திய ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பச்சை நிறம், ஒரு லாரி அளவு நீளம். வாங்கும்போது அதில் ஏ.சி. நன்றாக ஓடியது. சார்தான் கழற்ற வைத்தார்.

இந்த மலையில் அது ஒரு கெட்ட பழக்கம். ஏ.சி. வைத்த பழைய வண்டி எது மேலே வந்து தங்கினாலும் முதலில் ஏ.சி.யை ஓட்டும் கம்ப்ரசரைக் கழற்றிவிடுவார்கள். குளிரூரில் எதற்கு, ஏற்றத்தில் இன்ஜினை இழுக்கிறது என்பார்கள். கழற்றியது பஞ்சர் கடைக்குப் போகும். அந்தக் காலத்து கம்ப்ரசர் இரண்டு பிஸ்டன் வைத்த இரும்புக் கட்டி. பெல்ட் போட்டுச் சுற்றினால் டயருக்குக் காற்றும் அடிக்கும். கழற்றும் முன் யாரும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சாரும் கேட்கவில்லை.

அடுத்த சித்திரையில் மலை இறங்கி வத்தலக்குண்டு வெயிலில் போகும்போதுதான் அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. ஏ.சி.யில் தொடங்கிய சண்டை கல்யாணமான நாள்வரை போனது. "என்னையக் கேக்காம நீங்க செஞ்சது இது ஒண்ணுதானா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா மதுரைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னாராம்: "எடுத்தத எடுத்த எடத்துல வையிங்க. அப்பறம் அந்த வண்டியிலயே வாரேன்."

கோபத்தில் சொன்ன சொல். கல்யாணமான எவனுக்கும் அது புரியும். சார் மட்டும் அதைப் பரீட்சைக் கேள்வி மாதிரி எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

அலமாரியில் இருந்த புது மாடல் கம்ப்ரசரைக் காட்டினேன். "இத வெரசா மாட்டித் தாரேன் சார். சும்மா சில்லுன்னு வரும்."

"வேணாம்ப்பா. பழசுதான் வேணும். அதே மாடல்."

"அம்மா என்ன பானெட்டத் தொறந்தா பாக்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியும்ல."

தேட ஆரம்பித்தோம். திண்டுக்கல், மதுரை பழைய இரும்புக் கடைகளில் கை கருத்ததுதான் மிச்சம். சென்னை புதுப்பேட்டையில் ஒருவன் போனில் சத்தியம் செய்து பஸ் பார்சலில் ஒன்றை அனுப்பினான். பிரித்தால் ஏதோ வேனில் இருந்த உருண்டைக் கம்ப்ரசர். கூப்பிட்டுத் திட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சில்லுன்னு வருதா இல்லையா, அத மட்டும் பாருண்ணே" என்றான். நான் சாரிடம் சொன்னதையே அவன் என்னிடம் சொன்னான். இன்னும் கோபம் வந்தது.

கடைசியில், சாரின் வண்டியில் கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு, எங்கே போனதென்று தெரியாது என்று முன்பு கைவிரித்த பெருமாள்மலை மெக்கானிக்கையே போய் உலுக்கினேன். "அத கிளாவரை பஞ்சர் கடைக்காரருல்ல கொண்டு போனாரு" என்றான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜீப் பிடித்துப் போனோம். மேல்மலையின் கடைசி ஊர் கிளாவரை, அதற்கு அப்பால் ரோடு கிடையாது. பூண்டு மூட்டை ஏற்றும் லாரிகள் நிற்கிற இடத்தில் தகரக் கொட்டகை. உள்ளே டீசல் இன்ஜினோடு சேர்ந்து அந்தக் கம்ப்ரசர் சுற்றிக்கொண்டிருந்தது. பிடித்து வைத்திருந்த இரும்புப் பட்டையில் பச்சைப் பெயிண்ட் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. சார் குனிந்து அதைத் தொடப் போனார்.

"கைய எடுங்க சார், பெல்ட்டு வெட்டிப்புடும்" என்றார் கடைக்காரர். "என்ன சோலியா வந்தீங்க?"

நான் சொன்னேன்.

"ஏலே, இதத் தூக்கிட்டுப் போனா லாரி டயருக்கு நான் வாயால ஊதவா?"

"என் பட்டறையில நல்ல காத்து மெஷின் சும்மா கெடக்கு. அதத் தாரேன்."

"காரு எங்க நிக்குது?"

"கொடைக்கானல்ல."

வெளியே பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாமல் மேகம் மூடியிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். "இந்தக் குளிருல ஏ.சி.யா? ஆளு பாத்தா நல்லாத்தான இருக்காரு."

"வீட்டுக்காரி மதுரையில இருக்காங்க. கூட்டியாரணும்" என்றார் சார்.

கடைக்காரர் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. இன்ஜினை நிறுத்தினார்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு. மேல்மலை மேகத்தை மாசக்கணக்காக இழுத்திருக்கிறது. சிலிண்டரைத் தேய்த்துச் சரி செய்தேன். வால்வு பிளேட்டும், கேஸ் கசியாமல் அடைக்கிற சீலும் புதிதாக வேண்டும். சார் ஏழு ரோடு சந்திப்பில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, வண்டியை விற்ற வெள்ளைக்காரருக்கு மெயில் அனுப்பினார். அந்த மனிதர் எங்கோ தேடி வால்வு பிளேட்டை அனுப்பினார். சீல் பிறகு வரும் என்றார். ஏ.சி.க்குள் அடைக்கிற பழைய வகைக் கேஸ் கிடைப்பதும் அப்போது நின்றுகொண்டிருந்தது. அலைந்து ஒரு சிலிண்டர் பிடித்து வைத்தேன்.

இத்தனைக்கும் நடுவில் சார் ஒரு தடவைகூட மதுரைக்குப் போகவில்லை. மகள் போன் செய்தால், "வேலை நடக்குது, அம்மாகிட்ட சொல்லு" என்பார். பதிலுக்கு அம்மா என்ன சொன்னார் என்று அவர் கேட்டதில்லை.

ஒரு நாள் அம்மாவே வந்தார். பஸ்ஸில் வந்தார். மிச்சம் இருந்த புடவைகளையும் தையல் மெஷினையும் எடுத்துப்போக வந்திருந்தார். நான் சார் வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் கிடந்தேன்.

"என்ன தம்பி, இன்னும் முடியலையா?"

"சீல் ஒண்ணு வரணும்மா."

சார் கம்ப்ரசரைத் துணியால் துடைத்துத் தூக்கிக் காட்டினார். "நம்ம வண்டியில இருந்த அதேதான். கிளாவரையில கெடச்சுது."

"கிளாவரைக்கா போனீங்க?"

"ஆமா."

"அம்புட்டுத் தூரம் போனீங்களாக்கும்" என்றார் அம்மா. அவர் பார்வை கம்ப்ரசரில் இல்லை, சாரின் முகத்தில் இருந்தது. எதற்காகவோ காத்திருந்தார்.

"சீல் மட்டுந்தான் பாக்கி" என்றார் சார்.

எனக்கு அந்த ஆளை உலுக்க வேண்டும் போலிருந்தது. "உக்காருங்கம்மா, டீ வாங்கியாரேன்" என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா கிளம்பினார். தையல் மெஷினைப் பஸ் மேல் ஏற்றிக் கட்டியது நான்தான்.

சீல் வந்தது. மாட்டினேன், கேஸ் ஏற்றினேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் வேறெதிலும் செய்ததில்லை. செய்யாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாளே என்னால் ஆகாது என்று விரட்டியிருந்தால், வேறு போக்கில்லாமல் அவர் மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பார்.

வண்டியை மதுரைக்கு ஓட்டிப் போனோம். கேஸ் கசிந்தால் பார்க்க வேண்டும் என்று நானும் பின் சீட்டில் போனேன். மத்தியான வெயிலில் மகள் வீட்டு வாசலில் சார் நிறுத்தினார். அம்மா வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். கதவை அடைத்ததும் குளிர் வந்தது. சார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நல்லா இருக்கா?" என்றார் சார்.

"நல்லாத்தான் இருக்கு. தம்பி நல்லாச் செஞ்சிருக்கு." தெருவைப் பார்த்துவிட்டு, "பேத்தி ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நான் எறங்குறேன்" என்றார்.

சார் சரி என்றார். அந்த ஒரு சொல்தான்.

திரும்பும்போது, அம்மா இறங்கிப்போன முன் சீட்டைக் காட்டி, "முன்னால வந்து உக்காருப்பா" என்று கூப்பிட்டார்.

"இருக்கட்டும் சார்" என்று பின் சீட்டிலேயே இருந்துவிட்டேன்.