தூக்குப்போசியோடு டெல்லியில் அரை நாள்

காலை ஒன்பதரை மணிக்கு டெல்லியில் இறங்கினோம். வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்று விமானி அறிவித்தார். ஜூன் மாதம் காலையிலேயே இப்படியென்றால் மத்தியானம் என்ன கதியோ என்று நினைத்துக்கொண்டே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அல்மாட்டிக்குப் போகும் விமானம் மாலை ஆறரைக்கு. கஜகஸ்தானில் மருத்துவம் படித்த எங்கள் மகள் நந்தினி மறுநாள் பட்டம் வாங்குகிறாள். அந்த ஊருக்குத் தினமும் விமானம் இல்லை. இதைத் தவறவிட்டால், ஆறு வருடம் காத்திருந்த அந்தக் காட்சியைச் செல்போனில்தான் பார்க்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். பரீட்சை அறையில் நின்று நின்று, பிட்டுத் துண்டை ஒளிக்கக்கூடிய இடங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி: ஜடைப் பின்னல், ஜாமெட்ரி பாக்ஸ், பாவாடை மடிப்பு. அதனால் யாரைக் கண்டாலும் இவர் எதை எங்கே ஒளித்திருக்கிறார் என்றுதான் புத்தி போகும். என் வீட்டுக்காரர் நேர்மாறு. வழியில் போகிறவன் சிரித்தால் இவரும் சிரித்துவிடுவார்.

டெல்லியில் கைப்பையை அறுப்பார்கள், பாஸ்போர்ட்டைத் தூக்குவார்கள் என்று ஆளாளுக்கு எச்சரித்திருந்தார்கள். திருடன் எங்கே தேட மாட்டான் என்று யோசித்தேன். மகளுக்காக இரண்டு தூக்குப்போசிகளில், அதாவது மூடி போட்ட தூக்குவாளிகளில், கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் சுடுகிற பலகாரம் அது. இரண்டு பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் நன்றாகச் சுற்றி, ஒரு போசியில் கச்சாயத்துக்கு அடியில் வைத்தேன். உள்நாட்டு விமானத்துக்கு ஆதார் அட்டையே போதும் என்பதால் அதுவரை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

பெட்டிகளை விமான நிலையத்துப் பொருள் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு, போசிகள் இருந்த பையோடு வெளியே வந்தோம். பல்பீர் என்ற டிரைவர் காத்திருந்தார். அவரை அனுப்பியது சுமதி. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள். மத்திய அரசு வேலை கிடைத்துச் சின்ன வயதிலேயே டெல்லிக்கு வந்தவள், மோதி பாக்கில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறாள். நந்தினியின் காதுகுத்துக்குக்கூட வராதவள், நாங்கள் வருவது தெரிந்ததும் ஒரு வாரமாக வா வா என்று இவருக்குப் போன் செய்தாள். சோழியன் குடுமி சும்மா ஆடாதே! வெளிநாடு போகிறவர்களிடம் பார்சல் கொடுத்துவிட்டு மாட்டிவிடும் கதைகளை நான் பத்திரிகையில் நிறையப் படித்திருக்கிறேன். அவளும் ஏதோ கொடுத்தனுப்பத்தான் போகிறாள் என்று முடிவுகட்டினேன்.

பத்தரை மணி. சாணக்யபுரி வழியாகக் கார் போனது. இரண்டு பக்கமும் வேப்பமரங்கள், உயர்ந்த சுவர்கள், துப்பாக்கிக் காவலர்கள். ஒரு டீக்கடை இல்லை, ஒரு பெட்டிக்கடை இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டை எதற்கு இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இந்தியா கேட்டில் இறங்கினோம். செல்போனில் பார்த்ததைவிட உண்மையிலேயே பெரிது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வீட்டுக்காரர் படமாக எடுத்துத் தள்ளினார். அதற்குள் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து அவர் சட்டையில் சின்னக் கொடியைக் குத்திவிட்டு ஐம்பது ரூபாய் கேட்டாள்.

"பாத்தீங்களா? நாஞ் சொன்னனா இல்லையா?" என்றேன்.

"அட, கொடி அழகாத்தான இருக்குது புள்ள" என்று கொடுத்துவிட்டு வந்தார் மனுஷன்.

அடுத்து ஐ.என்.ஏ. மார்க்கெட். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது, பழம் வாங்க வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். உள்ளே நுழைந்ததும் மீன் வாடை, அடுத்த சந்தில் அப்பளமும் சாம்பார் பொடியும். பழக்கடைக்காரர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில், "வாங்கம்மா வாங்க, மாம்பழம் இருக்கு, சின்ன வெங்காயம் இருக்கு" என்று தமிழில் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தால் வடக்கத்திக்காரர். நான் வாயே திறக்கவில்லை, இவனுக்கு எப்படித் தெரிந்தது? கிலோ இருநூறு ரூபாய் என்றார். தராசை நான் உற்றுப் பார்த்த பார்வையில் அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. ஒன்றும் வாங்காமல் இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மணிக்குச் சுமதி வீடு. மஞ்சள் பூசிய பழைய குடியிருப்பு, முன்னால் நாவல் மரம். கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அண்ணி! எத்தனை வருசமாச்சு! ஜல்தி கை கழுவுங்க, சாப்பாடு ரெடி."

சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், கொள்ளு ரசம். வாசனை வயிற்றைக் கிள்ளியது. ஆனால் டெல்லியில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக்கூடாது என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். கோவையில் நிரப்பிய பாட்டிலே துணை.

"இன்னைக்கு எனக்கு விரதமுங்க சுமதி."

"புதன்கிழமையில என்ன விரதம் அண்ணி?" என்றாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அச்சா, பரவால்ல" என்று தட்டை எடுத்து வைத்தாள். முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குக் கிளம்பும் முன் முகம் கழுவப் போனேன். குளியலறை ஈரமாக இருந்ததால் பையை இவரிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணனும் தங்கையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுமதி எந்தப் பார்சலும் கொடுக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கார் ரிங் ரோட்டில் ஏறிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு ஒரு தெரியாத எண்ணிலிருந்து போன். கட் செய்தேன். மறுபடியும் வந்தது. இந்தக் காலத்தில் தெரியாத எண்ணை எடுப்பவள் முட்டாள். மூன்றாவது முறை வந்ததும் அந்த எண்ணையே முடக்கிவிட்டேன். வீட்டுக்காரரின் போன், படம் எடுத்தே சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது.

அப்போது பல்பீரின் போன் அடித்தது. இந்தியில் பேசினார். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மறுபடி பேசினார். தௌலா குவான் மேம்பாலத்துக்கு முன்னால் சடாரென்று வண்டியை ஒடித்து, வந்த வழியே திருப்பிவிட்டார்.

"ஏனுங்க, இந்தாளு எங்கீங்க திருப்பறான்? ஏர்போர்ட் அந்தப் பக்கமில்லீங்களா!"

"மேடம், பாஸ்போர்ட், பாஸ்போர்ட்!" என்றார் பல்பீர், பின்னால் கையை நீட்டி.

பாஸ்போர்ட் நம்மிடம் இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணியவன் கூட்டாளி. "காரை நிறுத்து!" என்று கத்தினேன். கதவைத் திறக்கப் பார்த்தேன், பூட்டியிருந்தது. பையை இழுத்து மடியில் வைத்துக் கைவிட்டேன். ஒரு போசிதான் இருந்தது. மூடியைத் திறந்து அடி வரை துழாவினேன். கச்சாயம், கச்சாயம், கச்சாயம். பாஸ்போர்ட் இல்லை.

பல்பீர் தன் போனை நீட்டினார். நான் தட்டிவிட்டேன். இவர் அதை எடுத்துக் காதில் வைப்பதற்குள் ஸ்பீக்கரில் சுமதியின் குரல் அலறியது.

"அண்ணா! போசிக்குள்ள உங்க ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் இருக்குது! அண்ணிக்கு எத்தனை தடவை போன் பண்றது? கட் பண்ணிட்டே இருக்காங்க!"

நான் திரும்பி இவரைப் பார்த்தேன்.

"வெறுங்கையோட போயி அத்தனையும் தின்னுட்டு எப்பிடிக் கெளம்பறது?" என்றார் இவர். "பழமும் வாங்க உடல. அதான் ஒரு போசிய எடுத்துக் குடுத்துட்டேன். அதுக்குள்ள நீ பாஸ்போர்ட்ட வெச்சிருப்பீன்னு நான் கனாக் கண்டனா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கச்சாயம் தின்னும் ஆசையில் அவள் உடனே போசியைத் திறக்காமல் இருந்திருந்தால்? நான் எடுக்காத மாதிரி, பல்பீரும் போனை எடுக்காமல் இருந்திருந்தால்? நந்தினி கருப்பு அங்கியோடு கூட்டத்தில் எங்களைத் தேடுவது கண்முன் நின்றது. பல்பீர் ஹார்னை அடித்துக்கொண்டே பறந்தார்.

மோதி பாக் முனையில், கொளுத்தும் வெயிலில் சுமதி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவள் வீட்டுக்காரருடையது. சன்னல் வழியே பாஸ்போர்ட் உறையை என் கையில் திணித்தாள். கூடவே தூக்குப்போசியையும்.

"போசிய வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல அண்ணி, சக்கரை போட்டிருக்கேன். அவசரத்துல வேற ஒண்ணும் கைக்குச் சிக்கல. ஜல்தி, கெளம்புங்க!"

கார் நகர்ந்துவிட்டது. விமான நிலையத்தில் இறங்கியதும் பல்பீருக்குக் கும்பிடு போட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த சவாரிக்குப் போய்விட்டார்.

காப்பறையிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனபோது, கவுன்ட்டர் மூட இன்னும் நேரம் இருந்தது. அங்கிருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஓரத்து எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்களிடம் யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினார்களா?

"இல்லை, எல்லாம் எங்கள் வீட்டுச் சாமான்" என்றேன்.

பாதுகாப்புச் சோதனையில் போசியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வாய் வரை வெள்ளையாக இருந்தது. சீருடைக்காரப் பெண் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் நான் என் மாணவிகளைப் பார்ப்பேனே, அதே பார்வை. "என்ன இது?" என்றாள்.

"சர்க்கரை. என் நாத்தனார் கொடுத்தது" என்று சொல்லி, ஒரு சிட்டிகை அள்ளி அவள் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க டெல்லியில் நான் சாப்பிட்டது அது ஒன்றுதான்.