தொடையில் போட்ட ஊசி

டாக்டர் பூங்கோதை இறந்த செய்தி மதியம் போனில் வந்தது. மாரடைப்பு என்றார் அவருடைய தம்பி. மாலைக்குள் அருள்புரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள்: 'கைராசி மருத்துவருக்குக் கண்ணீர் அஞ்சலி.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இருந்தவரை, கைராசி இல்லாதவர் என்று சொல்லி அவரை விட்டுப் போன ஊர் இது. அவரைத் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கட்டடத்தில் அவர் குழந்தைகளைப் பார்த்தார், நான் பெரியவர்களைப் பார்த்தேன். கைக்குழந்தைக்குத் தடுப்பூசியைத் தொடையில்தான் போடுவார். தொடை வீங்கினால் குழந்தையை இடுப்பில் தூக்க முடியாது, வீரிட்டு அழும். அழுகிற குழந்தையைக் காப்பகத்தில் வாங்க மாட்டார்கள். பனியன் கம்பெனியில் அம்மாவின் ஷிப்ட் போய்விடும். அதனால் பெண்கள் குழந்தையைக் கவிழ்த்துப் பின்புறத்தைக் காட்டுவார்கள். அடுத்த தெரு டாக்டர் கேட்ட இடத்தில் போட்டார். கூட்டமும் அங்கே போயிற்று. "அங்க கொழுப்புதானுங்க இருக்குது. மருந்து அதுல போய்ப் படுத்துக்கும், சரியா வேலை செய்யாதுங்க" என்று பூங்கோதை தொண்டை வற்றச் சொன்னார். யார் கேட்டார்கள்?

ஜெபராணி விஷயத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. ஊசி பலிக்காவிட்டால் குழந்தைக்கும் தொற்றி, பின்னாளில் கல்லீரலையே கெடுத்துவிடலாம். பிறந்த அன்று போட்டதைத் தவிர மற்ற ஊசியெல்லாம் அடுத்த தெருவில், பின்புறத்தில். ஒரு காய்ச்சலுக்குக் குழந்தையை எங்களிடம் தூக்கிவந்தபோதுதான் அது தெரிந்தது.

"அதெல்லாம் சேத்தி இல்லை கண்ணு, மறுபடி போடோணும்" என்றார் பூங்கோதை.

"போட்ட ஊசிய எதுக்குத் திரும்பப் போடணும்? எம் புள்ள என்ன பாவம் பண்ணிச்சு?" என்று ஜெபராணி சண்டைக்கே வந்துவிட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம். நல்லவேளையாகக் கிருமி தொற்றவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தி போதவில்லை. தொடையில் மறுபடி போட்ட பிறகுதான் அது ஏறியது. அந்த ரத்தப் பரிசோதனைத் தாளோடு பூங்கோதை அடுத்த தெருவுக்கே போனார். "பாப்பா நல்லாத்தானுங்க இருக்குது, அப்புறம் என்னங்க?" என்று அந்த டாக்டர் சிரித்தாராம். அன்று பூங்கோதை சாப்பிடவே இல்லை. "வராத நோயை எப்படிங்க காட்டுறது?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

இரங்கல் கூட்டத்தில் அதே டாக்டர், பூங்கோதையின் சிரித்த முகத்தைப் பற்றி உருகினார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வாசலில் ஜெபராணி மகளுடன் நின்றிருந்தாள்.

"டாக்டரம்மா இவள ரெண்டு தடவ அழ வச்சாவ" என்றாள், கோபம் இன்னும் தீராமல். "இப்ப வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு ஊசி யாரு போடுவா?"

"நான்தான். தொடையிலதான் போடுவேன்!" குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது.

"எதுக்குக் கத்துதீய? அதைக் கேட்கத்தான வந்தேன்" என்றாள்.

பூங்கோதை எனக்கு விட்டுப்போனது இந்தக் கத்தல்தான். இதை நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.