அசையக்கூடாது என்ற சின்னம்மா

ராயபுரத்தில் என் ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் எல்லோரும் பளிச்சென்று நிற்கிறார்கள், சின்னம்மாவைத் தவிர. அவர் முகத்தின் மேலேயே இன்னொரு முகம் புகை மாதிரி பின்பக்கம் திரும்பியிருக்கிறது. தொழிலில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனாலும் வருகிறவர்களில் பாதிப்பேர், "இன்னாண்ணா, இது ஷேக் ஆயிட்ச்சே" என்று என்னிடமே குறை சொல்கிறார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அது அவர் மகளின் கல்யாணம். காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்து, மாலையில் முகத்துவாரக்குப்பத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தி. சித்தப்பா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். அவருடைய மரப்படகு கரையில் ஏற்றிப் போட்டபடியே உளுத்துவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் அதை உடைக்க ஆள் சொல்லியாகிவிட்டது. அதனால் சின்னம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களும் நிற்க, பின்னால் அந்தப் படகு தெரிகிற மாதிரி ஒரு படம். அந்தப் படகு தெரிகிற படம் சின்னம்மாவிடம் வேறு கிடையாது.

நாங்கள் கரைக்குப் போனபோது சூரியன் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. ஃபிளாஷை முழு பலத்தில் வைத்து ஒன்று எடுத்தேன். சின்னம்மா கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, மூஞ்சிக்கு சுண்ணாம்பு அட்ச்சு வெச்சிகிற? படவு எங்க?" பின்னால் வெறும் இருட்டுதான் இருந்தது.

ஃபிளாஷ் வெளிச்சம் முன்னால் நிற்கிறவர்களோடு சரி. தூரத்துப் படகுக்கு வானத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சம்தான் கதி. அதனால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபிளாஷைக் குறைத்து, ஷட்டர் இரண்டு நொடி திறந்திருக்கும்படி வைத்தேன். படகு வந்துவிட்டது, மனிதர்கள் புகையாகக் கலைந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஃபிளாஷ் மின்னினால் படம் முடிந்தது என்று அர்த்தம். மின்னிய உடனே பிரியாணி வாசனை வரும் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஷட்டர் இன்னும் மூடவில்லை என்பதை அத்தனை பேருக்கும் எப்படிப் புரியவைப்பது? வானம் வேறு என் கண்முன்னே மங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சின்னம்மா, மீன் விற்கிற குரலை எடுத்தார். "லைட்டு அட்ச்சதும் எல்லாரும் மன்சுக்குள்ள ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க. முடியற வரைக்கும் எவனும் அசையக்கூடாது. அசைஞ்சா பிரியாணி கெடையாது!"

மாப்பிள்ளை வீட்டார் உட்பட அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வானம், முகங்கள், சித்தப்பா கையால் பூசிய பச்சைப் பெயிண்ட் என எல்லாம் சரியாக விழுந்தன. அசைந்தது ஒரே ஒருவர். ஃபிளாஷ் மின்னியதும் சின்னம்மா படகைத் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"இன்னொன்னு எடுத்துடலாம் சின்னம்மா" என்றேன். அதற்குள் இருட்டிவிட்டது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வுடு நைனா. படவு கீதுல்ல? அது போதும்."

போன வருடம் சின்னம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாட்ட அந்தப் படம் வேண்டுமென்று அவர் மகள், அன்றைய கல்யாணப் பெண்ணான என் தங்கை, வந்தாள். பிரிண்ட் போடும் லேபுக்கு அவளையும் கூட்டிப்போனேன்; அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, அந்தப் புகை முகத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம் என்றார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்கண்ணா. அம்மா அப்பாவப் பாத்துகினு கீது."

பிரிண்ட் இரண்டாகப் போடச் சொன்னேன்.